கால்வாயோரத்துப் பேய்க்கு என்ன வேண்டும்?

ஒரு பேய்க்கதை நாவலுக்காக எனக்கு மூன்றரை வருஷமும் 1,52,000 ரூபாயும் போனது. புத்தகம் அச்சிட்ட செலவு மட்டும் இல்லை இது, சம்பளமில்லாமல் எடுத்த விடுப்பு, ஜெராக்ஸ், டாக்டர் செலவு எல்லாம் சேர்த்து நானே கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். தனியார் கம்பெனியில் கணக்கு பார்ப்பதுதான் என் வேலை, அதனால் பைசா வரை தெரியும். அந்த நாட்களில் யாராவது ஒருத்தர் என்னை உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் இதில் பாதி மிஞ்சியிருக்கும் என்று இப்போதும் தோன்றுகிறது. உள்ளூர் வரலாற்றை வைத்து ஆவிக்கதை எழுத நினைக்கிற யாருக்காவது உதவட்டும் என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

2021 மே மாதம் என் அம்மா கொரோனாவில் இறந்துபோனார். ஆஸ்பத்திரிக்குள்ளே எங்களை விடவில்லை. தினமும் காலையில் இட்லியோ கஞ்சியோ ஒரு தூக்கில் போட்டு கேட்டில் கொடுத்துவிட்டு வருவேன். உள்ளே போய்ச் சேர்ந்ததா, சாப்பிட்டாரா என்று கேட்டால் பதில் சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது, அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஆறாம் நாள் அம்மாவைத் துணியால் சுற்றிக் கொடுத்தார்கள். குளிப்பாட்டவில்லை, வாய்க்கரிசி போடவில்லை, முகம்கூடப் பார்க்கவில்லை. சாமான்களோடு தூக்கும் திரும்பி வந்தது. மூடி திறக்கப்படவே இல்லை.

அதற்குப் பிறகு ஆபீஸ் திறந்ததும் சென்னை மந்தைவெளியிலிருந்து பறக்கும் ரயிலில் போக ஆரம்பித்தேன். அந்த ரயில் பெரும்பாலும் பக்கிங்காம் கால்வாயை ஒட்டியும் அதன் மேலேயும்தான் ஓடுகிறது, பல இடங்களில் தூண்களே கால்வாய்க்குள்தான் நிற்கின்றன. கீழே கறுப்பாகத் தண்ணீர், பிளாஸ்டிக், ஆகாயத்தாமரை. இருபது வருஷமாகப் பார்த்த கால்வாய்தான், ஆனால் அந்த ஆகஸ்ட்டில்தான் இது ஏன் இவ்வளவு நேராக இருக்கிறது, யார் வெட்டினார்கள் என்று முதல்முறையாகத் தோன்றியது. தேடிப் பார்த்தேன். வடக்கே எண்ணூர்ப் பக்கம் வெட்டியது 1806-லேயே. ஆனால் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற சுமார் எட்டு கிலோமீட்டரை, அதாவது சேப்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் வழியாக எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் வருகிற துண்டை, 1877, 78-ல் பஞ்சம் பிழைக்க வந்த ஜனங்களை வைத்து வெட்டினார்கள். தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டி வாயில் கேட்ட அதே பஞ்சம். தென்னிந்தியாவில் 50 லட்சம் பேருக்கு மேல் செத்த பஞ்சம். கால்வாய்க்குப் பெயர் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவுடையது. வெட்டினவர்களில் ஒருத்தர் பெயரும் எனக்குக் கிடைக்கவில்லை.

அன்று ராத்திரியே எழுத ஆரம்பித்துவிட்டேன். மண் சுமந்து செத்த ஒரு பெண்ணின் ஆவி, கால்வாயோர அடுக்குமாடி வீட்டுக்கு வருகிறது. வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல், கொலுசுச் சத்தம், பழிவாங்கல். பதினொரு மணிக்கு மேல், வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகு, விளக்கை அணைத்துவிட்டு லேப்டாப் வெளிச்சத்தில் எழுதினால்தான் பயம் வரும் என்று நம்பினேன். வந்தது. நான்கு மாதத்தில் ராத்திரி மூன்று மணி தூக்கம் என்றாகிவிட்டது. ஐந்தாம் மாதம் கூடத்திலிருந்து அம்மா இருமுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒரு நாள் எழுந்துபோய் வெந்நீர் வைத்துவிட்டேன், அடுப்பை அணைக்கும்போதுதான் நினைவு வந்தது. ஆபீஸில் ஜிஎஸ்டி கணக்கில் தப்பு வர, நானே இரண்டு மாதம் சம்பளமில்லா விடுப்பு கேட்டு வாங்கினேன். 76,000 போனது. கடைசியில் பார்த்த டாக்டரம்மா, பேய் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அம்மா போன பிறகு எத்தனை நாள் அழுதீர்கள் என்று கேட்டார். நான் அழவே இல்லை என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பயமான இடங்களை இப்போது காலை ஆறு மணிக்கு, ஜன்னலைத் திறந்துவைத்து, காப்பியோடு எழுதுகிறேன். படிப்பவருக்குப் பயம் குறையவில்லை. வாசகர் இருட்டில் உட்கார்ந்தால் போதும், எழுதுகிறவர் உட்கார வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் சமீபத்தில் சாவு நடந்திருந்தால் இதைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

2022-ல் கிருஷ்ணாம்பேட்டைப் பக்கம் ஒரு பெரியவரைப் பார்த்தேன். சின்ன வயதில் இந்தக் கால்வாயில் விறகுப் படகில் வேலை பார்த்தவர். காற்று இருந்தால் பாய், காற்று இல்லையென்றால் கரையில் இறங்கி இடுப்பில் கயிற்றைக் கட்டி இழுக்க வேண்டும் என்று எழுந்து நின்று இழுத்தே காட்டினார். சவுக்குக் கட்டை, உப்பு, நெல்லூர் அரிசி எல்லாம் படகில் வந்து இறங்கியதையும், கரையோரம் வரிசையாக விறகுத் தொட்டிகள், அதாவது விறகுக் கடைகள், இருந்ததையும் சொன்னார். அறுபதுகளில் அடித்த புயல்களுக்குப் பிறகு கால்வாய் தூர்ந்து படகு நின்றதைச் சொல்லும்போது குரல் மாறிவிட்டது. பேச்சோடு பேச்சாக, தன் அக்கா ஒன்பது வயதில் இந்தத் தண்ணீரில் போனதையும் சொன்னார். நான் எழுதுகிற கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தப் பொம்பளைக்கு இன்னாம்மா வேணும்? அதைக் கேட்டியா மொதல்ல?" என்றார். நியாயம் வேணும், பழிவாங்கணும் என்று ஏதோ சொன்னேன். "பட்டினியில செத்தவளுக்குச் சண்டை போடத் தெம்பு ஏது கண்ணு" என்றார்.

அந்தக் கேள்வியை அன்றே பிடித்துக்கொண்டிருந்தால் எனக்கு ஒன்றரை வருஷம் மிஞ்சியிருக்கும். நான் கேள்வியை விட்டுவிட்டு அவருடைய அக்காவை எடுத்துக்கொண்டேன். நாவலில் ஒன்பது வயதுப் பெண் தண்ணீரில் மூழ்குகிற அத்தியாயம் அப்படித்தான் வந்தது. பெயரை மட்டும் மாற்றினேன். விறகுத் தொட்டி, தெரு, பாவாடை நிறம் எல்லாம் அவர் சொன்னபடியே.

210 பக்கம் முடிந்ததும் அச்சுக்கு அலைந்தேன். பெயர் சொல்ல விரும்பாத ஒரு பதிப்பகம், 65,000 கொடுத்தால் திருத்தம், அட்டை, 500 பிரதி, கடைகளுக்கு விநியோகம், புத்தகக் காட்சியில் இடம் எல்லாம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னது. முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுத்தேன். நான்கு பக்க ஒப்பந்தத்தை அவர்கள் மேஜையிலேயே கையெழுத்துப் போட்டேன். தினமும் பத்து பில்லைத் திருப்பி அனுப்புகிற நான், என் சொந்தக் காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்பது இன்றும் வலிக்கிறது. வந்தது 120 பிரதி. அட்டையில் இணையத்தில் எங்கும் கிடைக்கிற வெள்ளைச் சேலைப் படம். ஒரு எழுத்துப்பிழைகூடத் திருத்தப்படவில்லை. மீதி எங்கே என்றால் "கடைகள்ல இருக்கு மேடம்." எந்தக் கடை என்று இன்றுவரை பதில் இல்லை.

இதில் நான் பிற்பாடு தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். புத்தகத்துக்கு அடையாளமாகப் போடுகிற ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் ஐஎஸ்பிஎன் நிறுவனம் அதை இலவசமாகவே தருகிறது, எழுதியவரே விண்ணப்பிக்கலாம். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை வருஷத்துக்கு என்று பாருங்கள். 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம்தான், எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். என் ஒப்பந்தத்தில் காலம் போடப்படவில்லை, அது மட்டுமே எனக்கு ஆறுதல். பணத்தை மூன்று தவணையாகக் கொடுங்கள், கடைசித் தவணை அச்சகத்தின் பில்லைக் கண்ணால் பார்த்த பிறகு. மெய்ப்பை, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்க்கிற பிரதியை, காகிதத்தில் எடுத்து, கதை எழுதாத ஆனால் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். எனக்கு எங்கள் தெரு தையற்கார அக்கா பார்த்துக் கொடுத்தார், அவர் பிடித்த பிழைகள் நூற்றுக்கு மேல்.

2023 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியவருடைய மகள் அந்தப் புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அந்த அத்தியாயத்தில் விரலை வைத்திருந்தார். "எங்கப்பா சொன்னது உங்களுக்குக் கதை. எங்களுக்கு அவங்க அத்தை. அந்தப் பேரைச் சொல்லித்தான் வீட்ல விளக்கு ஏத்துறோம். நீங்க அவங்களைப் பேயாக்கிட்டீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டே சொன்னார். என்னிடம் மன்னிப்பைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. கையில் இருந்த 86 பிரதிகளையும் அந்த வாரமே விற்பதை நிறுத்தினேன்.

ஒருவர் மனம் விட்டுப் பேசும்போது நாம் குறிப்பெடுத்துக்கொள்வதற்கு அவர் சம்மதித்ததாக ஆகாது. இப்போது நான் பேசுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், நான் கதை எழுதுகிறவள், நீங்கள் சொல்வது கதைக்குள் வரலாம் என்று. பேசி முடித்து ஒரு வாரம் கழித்து, எழுதிய பகுதியைப் படித்துக் காட்டுகிறேன். அவர் வீட்டில் இன்னொருவரும் கூட இருக்கிற நேரமாகப் பார்த்துப் போகிறேன். வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன், காரணம் கேட்பதில்லை.

அந்தத் தலைகுனிவுக்குப் பிறகுதான் உட்கார்ந்து பாடம் படித்தேன். அதுவரை இணையத்தில் நாலு பக்கம் படித்ததுதான் என் வரலாறு. அந்தக் காலத்தில் சென்னையில் பத்திரிகை ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி 1878-ல் இரண்டு பெரிய தொகுதிகளாக எழுதிய பஞ்ச வரலாறு இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. என் ஆங்கிலத்துக்கு அது கஷ்டம், ஒரு நாளைக்கு மூன்று பக்கம் என்று வைத்துக்கொண்டேன். எழும்பூர் ஆவணக் காப்பகம், தரமணி ரோஜா முத்தையா நூலகம் மாதிரி இடங்களுக்குப் போவதற்கு முன்னால் எந்த வருஷம், எந்த ஊர், எந்தத் துறை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "பஞ்சம் பத்தி ஏதாவது" என்று போய் நின்ற என் முதல் இரண்டு நாட்கள் வீணாயின.

படிக்கப் படிக்க என் நாவலில் இருந்த தப்புகள் பயமுறுத்தின. 1877-ல் ஒருத்தி "கிலோ" கணக்கில் அரிசி கேட்கிறாள். அன்றைக்குப் படியும் ஆழாக்கும், சர்க்கார் கணக்கில் பவுண்டும்தான். வெட்டிய அன்றே கால்வாய் நாறுகிறது என்று எழுதியிருந்தேன், அது சாக்கடை ஆனது நம் காலத்தில். அன்றைக்கு அது புது மண்ணும் உப்புத் தண்ணீரும் மணக்கிற பள்ளம். நிவாரணக் கஞ்சித் தொட்டியில் எல்லோரும் வயிறாரச் சாப்பிடுவதாக ஒரு காட்சி. நடந்ததோ வேறு. 1877 ஜனவரியில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை வைஸ்ராய் லிட்டன் செலவைக் குறைக்க அனுப்பினார். மூன்று வருஷத்துக்கு முன் வங்காளத்தில் அரிசி இறக்குமதி செய்து ஜனங்களைக் காப்பாற்றி, வீண் செலவு செய்தவர் என்று திட்டு வாங்கியவர் இந்த டெம்பிள். அந்தத் திட்டுக்குப் பயந்தவராகவே எனக்குத் தோன்றுகிறது. மண் வெட்டுகிற ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கூடச் சில்லறையும், பெண்ணுக்கு அதைவிடக் குறைவு என்று கூலியை இறக்கினார். சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இது உயிர் தாங்கப் போதாது என்று விடாமல் எழுதிச் சண்டை போட்ட பிறகு, சில மாதம் கழித்து ஏற்றினார்கள்.

கணக்குப் புத்தகம் மாதிரியே ஒரு நோட்டுப் போட்டேன். இடது பக்கம் ஆதாரத்தில் இருப்பது, எந்தப் பக்கத்தில் படித்தேன் என்பதோடு. வலது பக்கம் நான் கற்பனையில் கட்டியது. நாவலில் ஒரு வரி எழுதினால் அது எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பேய் வலது பக்கத்தில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம், ஆனால் இடது பக்கம் உறுதியாக இருந்தால்தான் வாசகர் அந்தப் பேயை நம்புகிறார். புத்தகத்தின் கடைசியில் எது நடந்தது, எது கற்பனை என்று இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன். இந்தப் பஞ்சத்தில் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. எலும்பும் தோலுமான குடும்பங்களைக் கேமராவுக்கு முன் வரிசையாக உட்காரவைத்து எடுத்தவை. படம் எடுத்தவன் சோறு கொடுத்தானா என்று அன்றைக்கே கேட்டிருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்து என் நாயகியின் விலா எலும்புகளை அரைப் பக்கம் வர்ணித்திருந்தேன். அதை முழுக்க அடித்தேன்.

ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். ஒரு நாள் சாயங்காலம் சமையலறைத் தராசில் அரிசியை நிறுத்துப் பார்த்தேன். அம்மாவின் பித்தளை ஆழாக்கில் அளந்தால் ஏறக்குறைய மூன்று. பார்க்க நிறையத்தான் இருந்தது. முறத்தில் பரப்பி மூன்று வேளைக்குப் பிரித்தேன், காலை ஒரு குவியல், மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்று. குழம்பு இல்லை, கீரை இல்லை, பருப்பு இல்லை. நாள் முழுக்க வெயிலில் மண் வெட்டுகிறவனுக்கு இது. அவன் கூலிக்கே இது என்றால், அவன் மனைவியின் பங்கில் இதிலிருந்து ஒரு பிடியாவது குறைய வேண்டும். எடுக்கக் கை போனது, எடுக்க முடியவில்லை. அவள் தன் பங்கிலிருந்து பிள்ளைக்கு எடுத்துக் கொடுத்திருப்பாள், பிறகு பிள்ளையைப் பார்த்து "சாப்பிட்டியா" என்று கேட்டிருப்பாள். எங்கள் அம்மா தினமும் போனில் கேட்கிற முதல் வார்த்தையும் அதுதான். நான் அம்மாவிடம் கடைசியாகக் கேட்க நினைத்துக் கேட்க முடியாமல் போன வார்த்தையும் அதுதான். முறத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அன்றைக்குத்தான் அழுதேன். இரண்டு வருஷம் கழித்து.

என் ஆவிக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிட்டது. அவள் யாரையும் கழுத்தை நெரிக்க வரவில்லை. கால்வாயோரம் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி "சாப்பிட்டியா?" என்று கேட்கிறாள். அவ்வளவுதான். அதை எழுதும்போது எனக்குப் பழைய 210 பக்கத்தில் வராத நடுக்கம் வந்தது.

இதைக் கேட்ட என் அத்தைதான் பூவாடைக்காரியை நினைவுபடுத்தினார். எங்கள் பக்கம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்தில், வீட்டில் சுமங்கலியாகவோ கன்னியாகவோ செத்துப்போன பெண்ணைக் கல்யாணத்துக்கு முன்னால் புதுச் சேலையும் பூவும் வைத்துக் கூப்பிட்டுப் படைப்போம். அவள் எங்களுக்குப் பேய் கிடையாது, வீட்டுத் தெய்வம். "கூப்பிட ஆளில்லாம போனவதான்டி அலையுவா" என்றார் அத்தை. பஞ்சத்தில் குடும்பமே போயிருந்தால் அவளைக் கூப்பிட யார் மிச்சம்? கதை அங்கே தானாகப் பூட்டுத் திறந்துகொண்டது. வெள்ளைச் சேலையும் கொலுசும் சினிமாவில் பார்த்தவை. என் சொந்த வீட்டுப் பூஜையில் இதைவிட ஆழமான ஆவி இத்தனை வருஷமாக இருந்திருக்கிறது, நான் வெளியே தேடியிருக்கிறேன். உங்கள் ஊரில் செத்தவர்களை என்ன பெயரில் கூப்பிடுகிறார்கள், என்ன படைக்கிறார்கள், எங்கே கூப்பிடக் கூடாது என்கிறார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் கேளுங்கள்.

அந்த ஆடியில் அம்மாவுக்குச் சேலை வைத்துப் படைத்தோம். திறக்காமல் திரும்பி வந்த அதே தூக்கில் சாதம் வைத்தேன். அம்மா பெயரைச் சொல்லி அத்தை மூன்று முறை கூப்பிட்டார். இருமல் சத்தம் அதற்குப் பிறகு கேட்கவில்லை. தூக்கம் திரும்பியதாலா, மாத்திரையாலா, அழுததாலா, படைத்ததாலா என்று நான் ஆராயவில்லை.

நாவலை முதல் வரியிலிருந்து திரும்ப எழுதினேன். 210 பக்கம் 140 ஆனது. மூழ்கிய பெண்ணின் அத்தியாயம் இல்லை. 2025 ஜனவரியில் நானே 200 பிரதி அச்சிட்டேன், 24,000 ஆனது, மேலே சொன்ன கணக்கில் இதைச் சேர்க்கவில்லை. அட்டையில் முறத்தில் மூன்று குவியல் அரிசி, தெருவில் ஒரு பையன் போனில் எடுத்துக் கொடுத்த படம். இதுவரை 131 போயிருக்கிறது. முதல் பிரதியைப் பெரியவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் அதற்கு முந்தைய வருஷமே தவறிவிட்டார் என்று வாசலில்தான் தெரிந்தது. மகள் புத்தகத்தை வாங்கி அப்பா படத்துக்குக் கீழே வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை.

போன மாதம் அவரே போன் செய்தார். முழுக்கப் படித்துவிட்டாராம். அப்பா படகு இழுத்த கதைகள் இன்னும் நிறைய இருக்கிறது, அத்தையைப் பற்றியும் சொல்கிறேன், ஆனால் என் முன்னால்தான் எழுத வேண்டும், எழுதியதை அங்கேயே படித்துக் காட்ட வேண்டும் என்றார். சரி என்றேன். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுவதற்குள் வரச் சொல்லியிருக்கிறார். சாப்பிடாமல் வரச் சொன்னார்.